அடைப்புக்குறிக்குள் அறிவியல்

மார்லீன் கோஸ்டியுக் அந்தத் தொலைக்காட்சித் தொடருக்குள் போனதே கோபத்தில்தான். 'ஏழாம் பிரதி' முதல் பருவம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, திரையில் நடமாடுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். ஐம்பத்து நாலு வயது, தனிக்கட்டை, பக்கத்து வீட்டுக்காரர்களும் நல்லவர்கள். திட்டுவதற்கு ஆள் வேண்டுமில்லையா.

தொடரில் ஒரு கம்பெனி, ஒரு பணக்காரன், ஒரு கண்ணாடித் தொட்டி. செத்துப்போன ஆளின் ஒரே ஒரு முடியை எடுத்துத் தொட்டியில் போடுகிறார்கள். ஆறே வாரத்தில் முப்பது வயது ஆம்பிளை ஈரத் தலையோடு எழுந்து உட்கார்ந்து, "என் மனைவி எங்கே?" என்று கேட்கிறான். நெற்றியில் அதே பழைய வெட்டுத் தழும்பு. முடிவெட்டு கூட அதே.

"முப்பது வருஷத்த ஆறு வாரத்துல திணிச்சிட்டானுங்க. பொண்டாட்டி ஞாபகம் எங்கடா இருந்துச்சு, அந்த முடியிலயா?" என்று மார்லீன் திரையைக் கேட்டாள். திரை பதில் சொல்லாததால் நாலு பக்கம் கடிதம் எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்பினாள். பிரதி என்றால் பிள்ளையாகத்தான் பிறக்க வேண்டும், அதற்கு ஒரு கருமுட்டை வேண்டும், ஒரு கருப்பை வேண்டும், ஒன்பது மாதம் வேண்டும், பிறந்தது அம்மா என்று சொல்லவே ஒரு வருஷம் ஆகும், கைரேகை கூட ஒத்துப்போகாது, உங்கள் தொட்டியில் மீன் வளருங்கள் என்று முடித்திருந்தாள்.

இந்தக் கோபம் படித்துத் தெரிந்துகொண்ட கோபம் இல்லை. கனடாவின் சஸ்காட்செவானில் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள் அவள். படித்து முடித்துச் சில வருஷம் கழித்து அங்கேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் பசுக்களைப் பிரதி எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். நல்ல பசுவின் காது மடலில் சின்னதாக ஒரு துண்டு நறுக்கி அதிலிருந்து செல் வளர்ப்பார்கள். இறைச்சிக்கூடத்திலிருந்து வாளியில் வரும் சினைப்பைகளிலிருந்து கருமுட்டை எடுத்து, ஊசியால் அதன் உட்கருவை உறிஞ்சிவிட்டு, அந்த இடத்தில் காதுச் செல்லைச் செருகி, மெல்லிய மின்சாரம் ஒன்று கொடுப்பார்கள். சொல்லும்போது சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். முந்நூறு முட்டையில் செய்தால் ஒரு கன்று பிறக்கும். அதுவும் சாதாரணக் கன்றைப் போல ஒன்றரை மடங்கு, சிலது இரண்டு மடங்கு எடை. தொப்புள்கொடி மணிக்கட்டு தடிமன். நிற்கக் கால் வராது, இழுக்க மூச்சு வராது. மூன்று வருஷத்தில் பதினொன்று பிறந்தன, ஒரு வயதைத் தாண்டியது இரண்டு. மற்றவற்றில் பாதிக்கு மேல் அவள் மடியில் தலையை வைத்துத்தான் செத்தன. நாலாவது வருஷம் அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வான்கூவர் பக்கம் வந்து, நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் கரு ஆய்வகத்தில் சேர்ந்தாள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அந்தக் கன்றுகளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் தொட்டியைக் காட்டினால் என்ன ஆகும்.

கடிதம் போன பத்தாம் நாள் தொடரின் தலைமை எழுத்தாளன் டெவ்லின் ஃபோன் பண்ணினான்.

"எங்க ரூம்ல உங்க லெட்டர சத்தமா படிச்சோம். அந்த மீன் விஷயத்துக்கு எல்லாரும் கை தட்டுனாங்க" என்றான். "அடுத்த சீசனுக்கு நீங்களே வந்து எங்கள திருத்துங்களேன்."

"திருந்துவீங்களா?"

"முயற்சி பண்றோம் டாக்டர்."

"நான் டாக்டர் இல்ல. ஆய்வகத்துல பெட்ரி தட்டு கழுவுறவ" என்றாள் மார்லீன். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். பொய்யைப் பார்த்துப் பொறுக்க மாட்டாதவளுக்கு, பொய் உற்பத்தியாகும் இடத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுக்கிறேன் என்றால் கசக்குமா.

அங்கே வேலை நடக்கும் முறை முதலில் அவளுக்கு அவமானமாக இருந்தது. பர்னபி ஸ்டுடியோவிலிருந்து மின்னஞ்சலில் வசனம் வரும். எழுத்தாளர்கள் அழுகை, காதல், துரோகம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அறிவியல் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு வைத்திருப்பார்கள். 'டாக்டர்: நாம் முதலில் (அறிவியல்) செய்ய வேண்டும். இல்லையென்றால் (அறிவியல்) ஆகிவிடும். (அவள் கண்ணீரைத் துடைக்கிறாள்.)' இப்படி. இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. அடைப்புக்குறியை நிரப்பித் திருப்பி அனுப்புவதுதான் ஆலோசகரின் வேலை.

"கண்ணீருக்கு மட்டும் வார்த்தை தெரியுது, அறிவியலுக்கு அடைப்புக்குறியா?" என்று ஆய்வகத் தோழி ஜோஸ்லினிடம் புலம்பினாள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஜோஸ்லின் பன்னிரண்டு வருஷமாக அவளோடு வேலை பார்க்கிறவள்.

"நிரப்பிக் கொடு மார். இல்லேன்னா திரும்பவும் முடியில ஆள் மொளைப்பான்" என்றாள் ஜோஸ்லின்.

நிரப்பினாள். வாக்கியத்துக்கு வாக்கியம் பார்த்து, தான் கையால் செய்தது எதுவோ அதை மட்டும் எழுதினாள். தொட்டியை ஒழித்துக்கட்டினாள். கருமுட்டையைக் கொண்டுவந்தாள், கருப்பையைக் கொண்டுவந்தாள், ஒன்பது மாதத்தைக் கொண்டுவந்தாள். இரண்டாம் பருவத்தின் ஐந்தாவது பகுதியில், மகளைப் பறிகொடுத்த ஒருத்தி அதே மகளின் பிரதியைத் தன் வயிற்றிலேயே சுமந்து பெறுகிறாள். கதையில் வரும் டாக்டருக்கு மார்லீன் ஒரு நீளமான பேச்சும் எழுதிக் கொடுத்திருந்தாள்: முந்நூறில் ஒன்றுதான் பிறக்கும், பிறந்ததும் நிற்காது, மூச்சு விடாது என்று. அது ரொம்ப நீளமாகிவிட்டது என்று வெட்டிவிட்டார்கள். கடைசிக் காட்சியில் நாலு வயதுப் பிரதிப் பெண், செத்துப்போன அக்காளுக்கு மட்டுமே தெரிந்த தாலாட்டைப் பாடுகிறாள்.

"ஞாபகம் செல்லுல வராதுன்னு எத்தன தடவ சொல்றது?" என்று மார்லீன் ஃபோனில் கத்தினாள்.

"தெரியும் மார்லீன். ஆனா அந்தப் பாட்டு இல்லேன்னா அந்த எபிசோடே எதுக்கு?" என்றான் டெவ்லின்.

பகுதியின் முடிவில் 'அறிவியல் ஆலோசனை: மார்லீன் கோஸ்டியுக்' என்று வந்தது. கோபத்தோடு பார்த்தாலும் அந்த ஒரு வரியை அவள் நிறுத்திவைத்துப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை இங்கே மறைத்துப் பிரயோசனமில்லை.

கோரீன் ஹாலட் வந்தது ஏப்ரல் மாதம் முதல் வாரம். நாலரை வருஷத்துக்கு முன்னால் இதே ஆய்வகத்தில் அவளுக்கும் அவள் கணவன் க்ளென்னுக்கும் இரண்டு கருக்கள் உருவாயின. ஒன்று ரோனன் என்ற பையனாகப் பிறந்தது. மற்றது உறைநிலையில் கலனுக்குள் இருக்கிறது. கரு எப்படி வளர்கிறது என்று தினமும் காலையில் ஃபோன் பண்ணிச் சொல்வது ஆய்வகத்துக்காரர்களின் வழக்கம். கோரீனுக்குச் சொன்னது மார்லீன். இந்த வருஷம் பிப்ரவரியில் மூன்றரை வயது ரோனன் மூளைக்காய்ச்சலில் இரண்டே நாளில் செத்துப்போனான். கோரீனுக்கு மே மாதம் நாற்பத்தாறு முடிகிறது. அதற்கு மேல் கரு வைக்க மாட்டேன் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதனால் அந்த இரண்டாவது கருவை ஏப்ரல் இருபத்தேழாம் தேதி வைப்பதாக முடிவாகியிருந்தது. இப்போது கோரீன் அதை ரத்து செய்துவிட்டு, டாக்டரைப் பார்க்க மாட்டேன், மார்லீனைத்தான் பார்க்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருந்தாள்.

அழவில்லை. அதுவே மார்லீனுக்குப் பயமாக இருந்தது.

"ரோனன் இருந்தப்பவே டிவில உங்க பேரு பாத்தேன்" என்றாள் கோரீன். "க்ளென்ன எழுப்பிக் காட்டினேன். இவங்கதான் தினமும் காலைல நமக்கு ஃபோன் பண்ணினவங்கன்னு."

"அது கதை கோரீன்."

"கதைதான். பாட்டு பாடுறதெல்லாம் சும்மா. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. ஆனா நடுவுல அந்த டாக்டர் சொல்றது நெஜம்தானே? காது மடல்லேர்ந்து சின்னத் துண்டு எடுக்கணும். குளிர்ல வச்சா செத்து அஞ்சு நாள் வரைக்கும் செல்லு உயிரோட இருக்கும். முட்டையோட உட்கருவ உறிஞ்சிட்டு இத வைக்கணும், அப்புறம் ஒரு கரண்ட்." மனப்பாடமாகச் சொன்னாள், ஒரு வார்த்தை பிசகவில்லை. "எங்களுக்குத்தான் இன்னொண்ணு இருக்கே. அதக் காலி பண்ணிட்டு அதுல ரோனன வச்சுக் கொடுங்க."

மார்லீன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அது காலி டப்பா இல்ல கோரீன். அதுல இப்பவே நூறு செல்லுக்கு மேல இருக்கு. அது வேற ஒரு புள்ள. எதயும் எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. யாராலயும் முடியாது. சட்டப்படி குத்தமும் கூட."

"சட்டம்னுதான் மொதல்ல சொல்லுவீங்கன்னு தெரியும். டிவில வர அந்த டாக்டரும் மொதல்ல அதத்தான் சொன்னா. முடியாதுன்னா. அந்த அம்மா மூணு தடவ போய்க் கேட்டா, அப்புறம் ஒத்துக்கிட்டா." கோரீன் கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டாள். "நானும் மூணு தடவ வரேன்."

எது சொன்னாலும் அது ஏற்கனவே கதையில் வந்துவிட்டிருந்தது. மறுப்பும் வசனம், சட்டமும் வசனம்.

"காது மடல்னு சொன்னீங்களே. அத யாரு எடுத்தா?" என்று மார்லீன் கேட்டாள்.

"பொதைக்கிறதுக்கு முன்னாடி, அடக்க வீட்டுல கடைசியா பத்து நிமிஷம் தனியா விட்டாங்க. நகம் வெட்டுற கத்திரி கொண்டு போயிருந்தேன்" என்றாள் கோரீன். "ஃப்ரீஸர்ல வச்சிருக்கேன்."

மார்லீன் அன்று மத்தியானம் விடுப்பு சொல்லிவிட்டு நேரே பர்னபிக்கு ஸ்கைட்ரெயின் மின்ரயில் ஏறினாள். வழியெல்லாம் உதடு தானாக அசைந்தது, எதிரில் இருந்த பெண் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு தாய் தன் பிள்ளையின் காதில் கத்திரி வைத்திருக்கிறாள். எதற்கு? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளம்பரத்துக்கு நடுவில் நாற்பது நிமிஷம் நிரப்ப வேண்டும், அதற்கு. செத்த பிள்ளை திரும்பி வருவதைக் காட்டி விற்றுக் காசு பார்க்கிற கூட்டம். அவர்கள் தலையில் இடி விழ.

எழுத்தாளர் அறையில் டெவ்லின் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று பேகல் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மார்லீன் கோட்டைக் கூடக் கழற்றாமல், கோரீன் பெயரை மட்டும் சொல்லாமல், நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவன் தின்பதை நிறுத்தினான். அவன் கெட்டவன் இல்லை, முகம் வெளுத்துவிட்டது.

"கடவுளே. நாங்க இப்படி நெனச்சே பாக்கல."

"நெனச்சுப் பாத்திருக்கணும். அந்த முந்நூறு முட்டைப் பேச்ச ஏன் வெட்டினீங்க? செத்துப் பொறக்கும்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி விட்டிருந்தா அவ கத்திரி எடுத்திருப்பாளா?"

"நீளமாயிடுச்சு மார்லீன். கதை அங்க நின்னு போச்சு."

"நின்னுதான் போகும். நெஜத்துல அங்கதான் நிக்குது."

"இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க. ஆரம்பத்துல ஒரு எச்சரிக்கை போடலாம். இது முழுக்கக் கற்பனைன்னு."

"என் பேர எடுங்க."

"எடுத்துடறேன். ஆனா வசனம் அப்படியேதான் இருக்கும், அது ஒளிபரப்பாயிடுச்சு." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு சொல்லலாமா? கோவப்படாதீங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தார். அடைப்புக்குறி எல்லாத்துலயும் குவாண்டம், நானோன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவார். மொத சீசன் பூரா அவர்தான். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கூட அத நம்பி எங்களுக்கு எழுதல. நீங்க வந்தப்புறம்தான் இந்த மாதிரி லெட்டர் வருது."

"எந்த மாதிரி?"

"இது எங்க செய்றாங்கன்னு கேட்டு."

மார்லீன் அந்த ஐந்தாவது பகுதியின் முதல் வடிவத்தைக் காட்டச் சொன்னாள். அவன் கணினியைத் திருப்பி வைத்தான். தாய் டாக்டரைக் கெஞ்சும் காட்சி. 'டாக்டர்: முதலில் (அறிவியல்). அது (அறிவியல்) வரைக்கும் உயிரோடு இருக்கும். பிறகு (அறிவியல்).' அவ்வளவுதான் அவர்கள் எழுதியது. கோரீன் மனப்பாடமாகச் சொன்னதில் அவர்களுடையது ஒன்றுமே இல்லை. காது மடல் மார்லீனுடையது. ஐந்து நாள் மார்லீனுடையது. உறிஞ்சுவதும் மின்சாரமும் அவளுடையது. தொட்டியும் முடியும் இருந்தவரைக்கும் அது யாரையும் ஏமாற்றாத பொய். அதைத் திருத்தித் திருத்தி, நம்பும்படியாக ஆக்கிக் கொடுத்தது அவள். இவ்வளவு தூரம் சுமந்து வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் அது அவள் தலையிலேயே இறங்கியது. வெளியே வந்துவிட்டாள்.

நோயாளியின் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது மருத்துவமனை விதி. மறுநாள் அவள் கொக்கிட்லாமில் கோரீன் வீட்டுக் கதவைத் தட்டினாள். க்ளென் வேலைக்குப் போயிருந்தான். சமையலறை மேசையில் உட்கார வைத்து கோரீன் காப்பி ஊற்றினாள். கேட்காமலேயே ஃப்ரீஸரைத் திறந்து, ஐஸ் குச்சி அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"நீங்களா வந்துட்டீங்க. மூணு தடவ கூட ஆகல" என்றாள். முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு.

அந்தத் தெளிவைப் பார்த்தும் மார்லீன் சொன்னாள். வீட்டு ஃப்ரீஸரில் வைத்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக உறைந்து செல்லைக் கிழித்துவிடும், அந்தக் குப்பியில் உயிரோடு ஒன்றுமில்லை என்றாள். உயிரோடு இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று கன்றுகளைப் பற்றிச் சொன்னாள். பத்தொன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை, மடியில் வைத்துக்கொண்டு அவை மூச்சுக்குத் தவித்ததை எண்ணியது வரைக்கும் சொன்னாள்.

"ரெண்டு பொழச்சுதுன்னு சொன்னீங்களே" என்றாள் கோரீன்.

"பொழச்சுது. ரெண்டும் ஒரே பசுவோட பிரதி. அந்தப் பசுவுக்கு நெத்தியில வெள்ளை. ஒண்ணுக்கு வெள்ளை தோள்ல, இன்னொண்ணுக்கு வயித்துல. பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா சொந்தம்னு கூடச் சொல்ல மாட்டாங்க. ஒண்ணு சாது, ஒண்ணு முட்டும். அந்தப் பசு திரும்பி வரவே இல்ல கோரீன். வேற ரெண்டு மாடு வந்துச்சு."

கோரீன் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் பனி உருகி மேசையில் ஈரம் பரவியது.

"அப்ப அந்தக் காது விஷயம்?"

"நான் எழுதினது. மாட்டுக்குச் செய்றது. அவங்க அந்த இடத்த வெறுமனே விட்டிருந்தாங்க, நான்தான் நெரப்பினேன். பொய் எழுதக் கூடாதுன்னு நெனச்சு எழுதினேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அந்த வார்த்தை அந்த மேசைக்கு மிகச் சின்னதாகத் தெரிந்ததால் கேட்கவில்லை.

"காதுல கத்திரிய வைக்க மனசு வரல" என்றாள் கோரீன், குரலை உயர்த்தாமல். "முடியல, வச்சுட்டு வந்துடலாம்னு பாத்தேன். அப்பதான் உங்க பேரு ஞாபகம் வந்துச்சு. இவங்க சொன்னா சரியா இருக்கும்னு வெட்டினேன்."

மார்லீன் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே யாரோ குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். கோரீன் எழுந்து, குப்பியை எடுத்துக் கழுத்துக் குட்டையில் சுற்றினாள். அதைக் க்ளென்னோடு போய் ரோனன் பக்கத்திலேயே புதைத்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

"அந்த இன்னொண்ணு. அது பையனா, பொண்ணா?"

"தெரியாது. பாக்கல."

"யாரு மாதிரி இருக்கும்?"

"அதும் தெரியாது."

கோரீன் தலையாட்டினாள். "இருபத்தேழாம் தேதி வரேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஆனா நீங்க அந்த ரூம்ல இருக்கக் கூடாது. அந்தக் கருவ நீங்க தொடக் கூடாது. பாக்கக் கூடக் கூடாது."

"சரி" என்றாள் மார்லீன்.

இருபத்தேழாம் தேதி காலையில் கருவை உறைநிலையிலிருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கியது ஜோஸ்லின். மார்லீன் அன்று வீட்டில் இருந்தாள். பதினோரு மணிக்கு ஜோஸ்லின் ஃபோன் பண்ணினாள். கரு நன்றாக விரிந்தது, வைத்தாகிவிட்டது என்றாள். கோரீன் வேறு ஏதாவது கேட்டாளா என்று மார்லீன் விசாரித்தாள்.

"மேசையில படுத்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா மார். 'அவங்க உள்ள இல்லையே?'ன்னு. இல்லேன்னேன். அப்புறம்தான் ஆரம்பிக்கச் சொன்னா."